‘சுமார் 500 மி.லி.’ என்று எழுதாதீர்கள்

பெங்களூரின் ஐந்து மாநகராட்சிகளிலும் மகப்பேறு மருத்துவமனைகளைக் கவனிக்கும் சுகாதார அதிகாரிகளுக்கும், அங்கே அறுவை அரங்குகளில் நிற்கும் மருத்துவர்களுக்கும், என்னோடு வேலை பார்த்த, பார்க்காத செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற செவிலி. பிரசவ வார்டிலும் அதை ஒட்டிய அறுவை அரங்கிலுமாக 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள். இதே விஷயத்தைக் கன்னடத்தில் ஒன்றரைப் பக்கமாகச் சுருக்கி மனுவாகக் கொடுத்திருக்கிறேன். முத்திரை குத்திய நகல் கைப்பையில் இருக்கிறது. 2025 செப்டம்பரில் ஊரை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்த பிறகு என் மனு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பதே இரண்டு அலுவலகங்களுக்குத் தெளிவாகவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக, எனக்குத் தாராளமாக வரும் மொழியில் எழுதுகிறேன். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் மர்ஃபி டவுனிலும் லிங்கராஜபுரத்திலும் இருந்து பிரசவத்துக்கு வரும் பெண்களின் வீட்டார் இதைப் படிக்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். அறுவை அரங்கின் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பவர்கள் அவர்கள்தானே.

சொல்ல வந்தது ஒரே விஷயம். சிசேரியன் முடிந்ததும் குறிப்பேட்டில் ‘ரத்த இழப்பு’ என்று ஒரு வரி வரும். அதற்கு எதிரே ‘சுமார் 500 மி.லி.’ என்று எழுதுகிறோம். யாருக்கும் அதே 500. ஒல்லியான பெண்ணுக்கும், இரட்டைக் குழந்தை பெற்றவளுக்கும், இரண்டு முறை வயிற்றைத் திறந்தவளுக்கும் 500. நானே எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்று தெரியாது. ஒருமுறைகூட அளந்து எழுதவில்லை.

சாதாரணத் தாய்க்கு இந்தப் பொய் பெரும்பாலும் கெடுதல் செய்வதில்லை. பி.பி. ஏறியிருக்கும் தாய்க்கு அப்படியில்லை.

ஓர் இரவைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முந்தைய ஆடி மாதம், நல்ல மழை. எந்த மருத்துவமனை என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒன்றை மட்டும் விசாரித்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவீர்கள். ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண், தலைப்பிரசவம். கணவருக்கு ஹெண்ணூரில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் சென்ட்ரிங் வேலை. கையில் தாயி கார்டு, அதாவது கர்ப்பகாலப் பரிசோதனைகளைக் குறித்துவைக்கும் அட்டை, வைத்திருந்தாள். அதில் மூன்று வருகைகளுக்கும் 120/80, 120/80, 120/80 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தது. எங்கள் 500-க்கு அக்காள் முறை இந்த 120/80.

வந்தபோது 170/110. எட்டாம் மாதம். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி. சிறுநீரில் புரதம் கொட்டிக்கொண்டிருந்தது. வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் போட்டோம், பி.பி.யை இறக்க லேபிட்டலால் போட்டோம். அதுவரை எல்லாம் சரி. அன்று பணியில் இருந்த மருத்துவர் கைராசிக்காரர், திறமையானவர். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. இரவு பதினொன்றரைக்கு வயிற்றைத் திறந்தார். பிள்ளை 1.7 கிலோ, உடனே அழுதது. நஞ்சுக்கொடி வந்த பிறகு கர்ப்பப்பை கொஞ்ச நேரம் துவண்டு கிடந்தது. தேய்த்துக் கொடுத்து, ஆக்சிடோசின் ஓடவிட்ட பிறகு இறுகியது. தைத்து மூடினார்கள். ‘எவ்வளவு?’ என்று கேட்டார் மருத்துவர். மயக்க மருந்து மருத்துவர் சக்‌ஷன் பாட்டிலை (உறிஞ்சிய ரத்தம் சேரும் பாட்டில்) ஒரு பார்வை பார்த்து, ‘ஐந்நூறு போடுங்கள் சிஸ்டர்’ என்றார். போட்டேன்.

ஒன்றரை மணிக்கு வார்டில் பி.பி. 112/70. நாடி 88. ‘பி.பி. இறங்கிவிட்டது, இனி பயமில்லை’ என்று மாமியாரிடம் சொன்னோம். அந்த அம்மா அங்கேயே நின்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்.

அந்தப் பெண் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாள். சிசேரியன் ஆனவளுக்கு விடியும்வரை தண்ணீர் கூடாது என்பது அன்றைய வழக்கம். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார்கள். படுக்கையில் புரண்டாள், வலிக்கு ஊசி போட்டார்கள். ‘கண்ணைக் கட்டுகிறது’ என்று தமிழில் சொன்னாள். பக்கத்தில் இருந்த பயிற்சிச் செவிலிக்குத் தமிழ் தெரியாது. கண் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டாள். நல்ல மனசோடுதான் அணைத்தாள்.

மூன்று மணிக்கு நான் மாற்று வேலையாக வார்டுக்குப் போனபோது அவள் கை பனிக்கட்டி மாதிரி இருந்தது. சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையில் இரண்டு ஸ்பூனுக்கு மேல் இல்லை. மேலே வைத்த துணியில் பெரிதாக ரத்தமில்லை. வயிற்றில் கை வைத்து அழுத்தினேன். கர்ப்பப்பை தொப்புளுக்கு மேலே மாவு போலக் கிடந்தது. அழுத்தியதும் கட்டி கட்டியாக வந்து கட்டிலை நனைத்தது. பி.பி. 80. அதற்குக் கீழ் எண் கேட்கவில்லை.

மறுபடி அரங்கு. கர்ப்பப்பையை எடுத்த பிறகுதான் ரத்தம் நின்றது. சிறுநீரகம் ஒன்பது நாள் வேலை செய்யவில்லை. பிழைத்தாள். இருபத்திரண்டு வயதில், ஒரே பிள்ளையோடு, அடுத்த பிள்ளைக்கு வழியில்லாமல் பிழைத்தாள்.

விடிந்த பிறகு எனக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. முதல் அறுவையில் ரத்தத்தை ஒற்றியெடுத்த மாப்புகள் மஞ்சள் பையில் கட்டி வைத்தபடியே இருந்தன. கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைகளை எடைபோடும் தராசில் ஒரு பிளாஸ்டிக் தாள் விரித்து, பையை வைத்தேன். அதே எண்ணிக்கையில் உலர்ந்த மாப்புகளை எடைபோட்டுக் கழித்தேன். 1,150 கிராம். ரத்தம் ஒரு கிராம் என்றால் ஏறக்குறைய ஒரு மில்லி லிட்டர். பனிக்குடநீர் கொஞ்சம் கலந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள். தரையில் போனதையும் சக்‌ஷன் பாட்டிலையும் துணிகளையும் நான் சேர்க்கவில்லை, கூட்டிக்கொள்ளுங்கள். எப்படிப் போட்டாலும் 500 வரவில்லை.

மாப்புகளை எண்ணுவதில் நாங்கள் கெட்டிக்காரர்கள். ஒரு மாப் குறைந்தால் வயிற்றை மூட விடமாட்டோம். மருத்துவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் நிறுத்துவோம். எண்ணத் தெரிந்த எங்களுக்கு எடைபோடத் தோன்றியதில்லை. நான் பிறந்தது கோலார் தங்கவயல். அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். குன்றிமணித் தங்கம்கூடக் கணக்கில்லாமல் வெளியே போகக்கூடாது என்று ஆட்களைச் சோதித்து அனுப்பிய ஊர் அது. அந்த ஊரிலிருந்து மாரிக்குப்பம் ரயில் ஏறி வந்தவள் இதைக் கண் அளவில் விட்டிருக்கிறேன்.

பி.பி. உள்ள தாய்க்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு என்று அதிகாரிகளில் மருத்துவம் படிக்காதவர்கள் கேட்கலாம். 50 கிலோ எடையுள்ள பெண்ணின் உடலில் சாதாரணமாக மூன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ரத்தம் இருக்கும். கர்ப்பம் முற்றும்போது அது 40 முதல் 50 விழுக்காடு கூடி, ஐந்து லிட்டரை நெருங்கும். பிரசவத்தில் கொஞ்சம் போகும் என்று உடம்பே முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் சேமிப்பு அது. கர்ப்பகால ரத்தக் கொதிப்பு கடுமையாகும்போது ரத்தக் குழாய்கள் இறுகிக் கிடக்கும், அவற்றின் சுவர் கசியும், நீர் திசுக்களுக்குள் இறங்கிக் கால், முகம் எல்லாம் வீங்கும். அந்தச் சேமிப்பு சேர்வதே இல்லை, அல்லது சொற்பமாகச் சேரும். ஒரு லிட்டர் போனால் மற்றவளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. இவளுக்கு நான்கில் ஒன்றுக்கும் மேல். குறிப்பேட்டில் இரண்டும் ஒரே எண்ணாக இருக்கும்.

இதில் கண்ணை ஏமாற்றுகிற விஷயங்கள் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் 12.4. ‘அடடா, நல்ல ரத்தம்’ என்று சந்தோஷப்பட்டோம். தண்ணீர் வற்றிய குழம்பு கெட்டியாகத்தான் இருக்கும். சட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கரண்டியை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். அடுத்து, 170-லிருந்து 112-க்கு இறங்கிய பி.பி. இன்னொரு பெண்ணுக்கு 112 என்பது ஆரோக்கியம். இவளுக்கு அது சரிவு. மருந்து வேலை செய்கிறது என்று நாங்கள் நினைத்தபோது ரத்தம் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது, நாடி. ரத்தம் குறைந்தால் நாடி ஓடும் என்று முதலாம் ஆண்டிலேயே படிக்கிறோம். நாடியை பி.பி.யின் மேல் எண்ணால் வகுத்து 0.9-ஐத் தாண்டினால் எச்சரிக்கை என்று சுவரில் அட்டை ஒட்டுகிறோம். 88-ஐ 112-ஆல் வகுத்தால் 0.79, அட்டைப்படி அந்தப் பெண் நலமாக இருந்தாள். லேபிட்டலால் நாடியைக் கட்டிப்போடும் மருந்து. ஓட வேண்டிய நாடி ஓடாது. அட்டையை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் பி.பி. மருந்து வாங்கியவளிடம் அந்த அட்டையை மட்டும் நம்பாதீர்கள்.

நம்பக்கூடியவை கையால் தொடுகிறவை: வயிற்றில் கர்ப்பப்பையின் இறுக்கம், விரல் நுனியின் சூடு, மணிக்கு எத்தனை மில்லி சிறுநீர், தாகம், படபடப்பு, புரளல். முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒருமுறை ஒருவர் போய் இதைப் பார்க்க வேண்டும். ஒரு செவிலிக்கு முப்பது கட்டில் என்று வைத்துவிட்டு இதைக் கேட்டால் நாங்கள் என்ன செய்வோம், பார்க்காமலே நான்கு வரிசை எழுதிவைப்போம். அதனால் கேட்பதை உங்களிடமே கேட்கிறேன். பி.பி. உள்ள தாய் அரங்கிலிருந்து வெளியே வரும் இரவில் அவளுக்கென்று ஓர் ஆள் போடுங்கள்.

ரத்தம் போனால் சலைன் ஏற்றினால் போதாதா என்று வெளியே நிற்பவர்கள் கேட்பார்கள். இவளுக்கு அதிலும் சங்கடம். கசியும் குழாய்க்குள் திரவத்தைக் கொட்டினால் அது நுரையீரலில் போய்த் தேங்கும். மூச்சு முட்டும். கொடுக்காவிட்டால் சிறுநீரகம் போகும், அதிகம் கொடுத்தால் நுரையீரல். எவ்வளவு போனது என்று சரியாகத் தெரிந்தால்தான் எவ்வளவு கொடுப்பது என்று சரியாக முடிவுசெய்ய முடியும். ‘சுமார்’ என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை.

இவளுக்கு ரத்தம் போவதற்கான வழிகளும் அதிகம். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறையும். ஒரு லட்சத்துக்குக் கீழே, சில நேரம் ஐம்பதாயிரத்துக்கும் கீழே. அப்படிக் குறைந்தால் முதுகில் ஊசி போட மயக்க மருந்து மருத்துவர் தயங்குவார். முழு மயக்கம் கொடுத்தால் அந்த வாயு கர்ப்பப்பையைத் தளர்த்தும். பி.பி. ஏறியவளுக்கு நஞ்சு முன்கூட்டியே பிய்ந்துகொள்ளும் ஆபத்தும் உண்டு. பிய்ந்தால் உறையவைக்கும் பொருள்கள் எல்லாம் அங்கேயே செலவாகி, பிறகு தொட்ட இடமெல்லாம் கசியும். குறைமாதத்தில் வெட்டுவதால் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி இன்னும் மெலிந்திருக்காது. தடித்த சதையை வெட்ட வேண்டியிருக்கும். ஆய்வகம் பூட்டியிருக்கும் ராத்திரியில் ஒரு பழைய வித்தை உண்டு. உலர்ந்த சாதாரணக் கண்ணாடிக் குழாயில் இரண்டு மி.லி. ரத்தத்தை எடுத்து, உள்ளங்கையில் பொத்திச் சூடாக வைத்துக்கொள்வது. ஏழு நிமிடத்தில் உறையாவிட்டால் உறைதலில் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். காசில்லாத பரிசோதனை. இப்போது பல இடங்களில் அந்தச் சாதாரணக் குழாயே இருப்பதில்லை.

மெக்னீசியம் சல்பேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது தசையைத் தளர்த்தும், அதனால் ரத்தம் போகும் என்று பயந்து அறுவையின்போது நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில் இந்த மருந்து வலிப்பின் ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது. வலிப்பு வந்தவளின் ரத்தப்போக்கைப் பார்த்துக்கொள்வது இன்னும் கடினம்.

பயப்பட வேண்டிய மருந்து வேறு. மெதர்ஜின். கர்ப்பப்பை துவண்டால் மருத்துவர் வாயில் தானாக வரும் பெயர் அது. மற்றவர்களுக்கு நல்ல மருந்து. பி.பி. உள்ளவளுக்குக் குழாய்களை இறுக்கி, அழுத்தத்தை எங்கேயோ கொண்டுபோய், மூளையில் ரத்தக்கசிவுவரை போகலாம். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நடு இரவில், ரத்தம் கொட்டும்போது, தெரிந்தது கைக்கு வருவதில்லை. ஆக்சிடோசின் ஊசிக்குப் பக்கத்திலேயே அதே தட்டில் அதுவும் இருக்கும். நான் பிளாஸ்திரியில் ‘மெதர்ஜின் வேண்டாம்’ என்று பட்டையாக எழுதி டிரிப் ஸ்டாண்டில் ஒட்டிவிடுவேன். அன்றும் ஒட்டியிருந்தேன், ஒருவர் கேட்டார், பிளாஸ்திரியைக் காட்டினேன், விட்டுவிட்டார். இது ஒரு வயதான செவிலியின் பழக்கமாக இருக்கக்கூடாது. பி.பி. உள்ளவளின் அறுவையில் அந்த ஊசி அறைக்குள்ளேயே வரக்கூடாது என்று நீங்கள் சுற்றறிக்கை விடலாம். அதற்குப் பதிலாகக் கையில் இருக்க வேண்டியவை கர்ப்பப்பையை இறுக்கும் ஆக்சிடோசின், மிசோப்ரோஸ்டால், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம். கடைசியாகச் சொன்னதை மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் என்று 2017-இல் வெளியான, 20,000 பெண்கள் பங்கேற்ற ஆய்வு சொல்கிறது. மூன்று மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? ரத்தம் போகிறது என்று நமக்குத் தெரிந்த நேரத்திலிருந்து எண்ணினால் தவறு. பிள்ளை பிறந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும்.

ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அந்தக் குளிர்ப்பெட்டியில் யாருடைய தயிர்சாதமும் இருக்கக்கூடாது. சிரிக்கிறீர்கள் என்றால் நீங்கள் வார்டுக்குள் வந்து நாளாகிவிட்டது.

இனி தராசுக்கு வருகிறேன். இது என் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். நம் மாநிலத்திலேயே, பெலகாவியில், பிரசவத்தில் போகும் ரத்தத்தைப் பிடித்து அளக்க அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் பை ஒன்றைப் பயன்படுத்தி ஆய்வு செய்தார்கள். 2006-இல் வெளியான முடிவுப்படி, கண்ணால் பார்த்துச் சொன்ன அளவு பையில் அளந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பிறகு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் அதே மாதிரிப் பையை வைத்து அளந்து, அளவு தாண்டியதும் எல்லா மருந்தையும் ஒரே வீச்சில் கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான அறுவை, அதனால் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் 60 விழுக்காடு குறைந்தது என்று 2023-இல் வெளியிட்டார்கள். இரண்டும் சுகப்பிரசவத்தில் நடந்த ஆய்வுகள். சிசேரியனில் பனிக்குடநீர் கலக்கும், மாப் உறிஞ்சும், பை வைக்க முடியாது என்பார்கள். உண்மைதான். அதனால்தான் தராசு. பனிக்குடநீரை உறிஞ்சியதும் சக்‌ஷன் பாட்டிலின் அளவைக் கரும்பலகையில் குறித்துவிடுங்கள். அதற்கு மேல் வருவது ரத்தம். மாப்புகளை எண்ணும்போதே எடைபோடுங்கள், உலர் எடையைக் கழியுங்கள். இரண்டையும் கூட்டி வாய்விட்டுச் சொல்லுங்கள். எண்ணூறு வந்தால் எண்ணூறு என்று சத்தமாகச் சொன்னால் அந்த அறையின் முகமே மாறும். சமையலறைத் தராசின் விலை சில நூறு ரூபாய். டெண்டர் விட வேண்டிய பொருளில்லை.

500 என்று எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சிசேரியனில் 1,000 மி.லி. தாண்டினால்தான் அதிக ரத்தப்போக்கு என்று புத்தகம் நெடுங்காலமாகச் சொல்லிவந்தது. 500 போட்டால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். 1,150 போட்டால் காலையில் மேலதிகாரி கூப்பிடுவார். ‘யார் வெட்டியது, ஏன் இவ்வளவு?’ என்று திட்டு விழும். அளந்தவருக்குத் திட்டு, அளக்காதவருக்கு நிம்மதி. இதை நீங்கள் மாற்றாமல் தராசு மட்டும் வாங்கிக் கொடுத்தால், தராசும் ‘சுமார் 500’ காட்டக் கற்றுக்கொள்ளும்.

அடுத்தது ரத்தப் பை. அந்த இரவில் மூன்றே கால் மணிக்கு அந்தக் கணவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினோம். கன்னடம் படிக்கத் தெரியாது, ஊர் தெரியாது, மழை. ரத்த வங்கியில் பதிலுக்கு ஆள் கொண்டுவரச் சொன்னார்கள். கட்டடத்தில் படுத்திருந்த இரண்டு பேரை எழுப்பி ஆட்டோவில் கூட்டிவந்தார். ஒருவருக்கு ஹீமோகுளோபின் போதவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டு பை வந்து சேர ஐந்து மணி. 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரமத்தின்படி அரசு மருத்துவமனையில் பிரசவம் பார்க்கும் தாய்க்குச் சிசேரியன் இலவசம், மருந்து இலவசம், ரத்தமும் இலவசம். இலவசம் என்றால் காசு வாங்காமல் இருப்பது மட்டும் போதுமா? சீட்டோடு ஓடிய அந்த ஒன்றேமுக்கால் மணி நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

160/110 தாண்டிய தாயின் வயிற்றில் கத்தி வைக்கும் முன் குறைந்தது இரண்டு பை பொருத்தம் பார்த்துத் தயாராக இருக்க வேண்டும். இல்லாத இடத்தில், உயிர் போகிற அவசரம் தவிர, வெட்டக்கூடாது. ரத்தச் சேமிப்பு இல்லாத சிறிய மகப்பேறு மனைகளிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது தவறே இல்லை. எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் தவறு. மெக்னீசியம் சல்பேட்டின் முதல் அளவைப் போட்டு, பி.பி.க்கு மருந்து கொடுத்து, அங்கே படுக்கை இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டு, கூடவே ஒரு செவிலியை ஏற்றி அனுப்புங்கள். ‘அங்கே போங்கள்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்து, அவர்கள் சிக்னல் சிக்னலாக நின்று மூன்று வாசல் தட்டி நான்காவது வாசலில் வலிப்போடு இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

கர்நாடகத்தில் 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 100 பிரசவத்தில் 31-க்கும் மேல் சிசேரியன். அதே ஆண்டுகளுக்கான தாய்மார் இறப்பு விகிதம், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 63. ஓசூர் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாட்டில் 49. கேரளத்தில் 20. இந்த எண்களில் ஊத்தங்கரைப் பெண் இல்லை, ஏனென்றால் அவள் சாகவில்லை. இறந்திருந்தால் கூட்டம் போட்டிருப்பீர்கள், படிவம் நிரப்பியிருப்போம். 2024 நவம்பரில் பல்லாரியில் சிசேரியன் செய்துகொண்ட ஐந்து தாய்மார்கள் அடுத்தடுத்து இறந்தபோது, ஏற்றிய திரவத்தின் தரத்தைப் பற்றி மாநிலமே பேசியது. சேர்ந்தாற்போல் இறந்தால் பேசுகிறோம். மயிரிழையில் பிழைத்தவர்களைப் பற்றியும் ஆராய வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2014-இலேயே வந்துவிட்டது. உங்கள் மருத்துவமனைகளில் எத்தனையில் அந்தக் கூட்டம் மாதாமாதம் நடக்கிறது? எந்தச் செவிலியையாவது அதில் உட்காரவைத்திருக்கிறீர்களா? என்னை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அந்த 1,150 கிராம் இன்றுவரை எந்தக் காகிதத்திலும் இல்லை. இதுதான் முதல் காகிதம்.

வீட்டாருக்குக் கொஞ்சம். கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது சகஜம் என்று பாட்டி சொல்வது பாதி உண்மை. முகமும் விரலும் வீங்கினால், தலைவலி விடாமல் இருந்தால், கண்ணில் பூச்சி பறந்தால், அன்றே பி.பி. பாருங்கள். தாயி கார்டில் எண்ணை எழுதும்போது கையில் பட்டை கட்டித்தான் எழுதுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், யாரும் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அறுவை முடிந்து வெளியே வந்தவள் தண்ணீர், தண்ணீர் என்று கேட்டால், புரண்டால், கை குளிர்ந்தால், அடம் பிடிக்கிறாள் என்று அதட்டாமல் செவிலியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டால் என்ன, உங்கள் கையை அவர் கைமேல் வைத்தால் புரியும். ரத்தம் கொடுத்தால் பலம் போய்விடும் என்று ஒதுங்கி நிற்கும் அண்ணன் தம்பிமார்களுக்கு: அந்த இரவில் கொடுத்தவர் கூடச் சுமை தூக்கும் பீகார்க்காரர். மறுநாள் மதியம் அவர் வேலைக்குப் போய்விட்டார். பெண்ணின் சொந்தத் தம்பி மூன்று நாள் மருத்துவமனைப் பக்கமே வரவில்லை.

அதிகாரிகளே, மனுவுக்குப் பதில் வரும்வரை சும்மா இருக்க எனக்கு வராது. ஒரு கிராம்வரை காட்டும் தராசு இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். துடைத்துச் சுத்தம் செய்யும்படி மேலே போட ரெக்சின் உறையும் தைத்தாயிற்று. எந்த மருத்துவமனை முதலில் அனுமதி கொடுத்தாலும் இரண்டு பேருந்து மாறியாவது வந்து, உலர் மாப்பின் எடையைச் சுவரில் எழுதி ஒட்டி, முதல் பத்து அறுவைக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளம் வேண்டாம். ஒரு ஸ்டூல் போதும், முழங்கால் வலி. இரவுப் பணிக்குக் கூப்பிட்டாலும் வருவேன்; உண்மையில் இரவுக்குத்தான் கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை அரங்குச் செவிலி,
லிங்கராஜபுரம், பெங்களூரு